அப்பா வைத்த பேர்

"நாளைக்கே பேரை மாத்திடப் போறேன். யாரும் குறுக்க வராதீங்க!"

விண்ணப்பத்தை நாற்காலியில் வீசினான் பியோதர். அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ரஷ்யப் பேர்! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? பள்ளியில் பீட்டர், ரேஷன் கார்டில் பிரதர். அர்ச்சனைக்குப் பேர் சொன்னால் குருக்கள் ஏற இறங்கப் பார்க்கிறார். இருபத்தெட்டு வருடமாக நாய் படாத பாடு.

இப்போது கல்யாணத்துக்கே உலை வைத்துவிட்டது. "சாமி பேரா மாத்தினாத்தான் பத்திரிகை அடிப்பேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார் பெண்ணின் அப்பா இராமலிங்கம்.

"சாமி பேரா?" அப்பா அப்பாசாமி எகிறினார். "என் பேர்ல ஒட்டிக்கிட்டிருக்கிற சாமியையே என்னால சகிக்க முடியல! தொழிலாளிங்க ஆண்ட நாட்டுப் பேருடா அது. நாலு ரஷ்யப் பேரை வச்சுக்கிட்டு, அதுல நானே பார்த்துப் பார்த்து எடுத்தது. மாத்தினா கல்யாணத்துக்கு வரமாட்டேன்!"

செங்கொடி ஒட்டிய ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

பியோதர் தலையில் அடித்துக்கொண்டான். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றும் அம்மாவாவது தன் பக்கம் நிற்பாள் என்று நம்பினான்.

"அருணாசலம்னு மாத்திக்கறேம்மா. நீயாவது அவருக்குச் சொல்லு."

துணி மடித்துக்கொண்டிருந்த சந்திரம்மாள் நிமிரவில்லை. "மாத்தாதடா."

"நீயுமா? சாமி பேருன்னா உனக்கும் கசக்குதா? இந்த வீட்ல மனுஷன் இருப்பானா!"

சந்திரம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். ஸ்கூட்டர் போய்விட்டது.

"எட்டு வருஷம் மலை சுத்தி, அண்ணாமலையார் கொடுத்த புள்ளடா நீ. சாமி பேரு வச்சா வீட்டை விட்டே போயிடுவேன்னு நின்னாரு உங்கப்பா. அப்ப நான் ஆசிரமத்துப் பக்கம் ரூம் பெருக்கிட்டு இருந்தேன். அங்க தங்கியிருந்த ரஷ்யாக்காரம்மாதான் நாலு பேரு எழுதிக் கொடுத்துச்சு. ரஷ்யப் பேருன்னு மட்டும் சொல்லி உங்கப்பாகிட்ட நீட்டினேன். கிரேக்கத்துலேர்ந்து ரஷ்யாவுக்குப் போன பேராம் உன்னுது. கடவுள் கொடுத்தவன்னு அர்த்தமாம். சம்பந்திகிட்டப் போய்ச் சொல்லு. உங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

பியோதர் வாயைப் பிளந்தான். "அப்பா வேற பேரை எடுத்திருந்தா?"

"எதை எடுத்தா என்ன? நாலுக்கும் அதே அர்த்தம்தான்!"