வசனம் மறந்தவர்

"கையைக் கழுவாம நோயாளியைத் தொட்டா ரெண்டு மார்க் போச்சு" என்றார் பேராசிரியர், தலையை நிமிர்த்தாமல்.

அவள் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

"இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும்மா" என்றார் கட்டிலில் படுத்திருந்தவர்.

"நீங்க உங்க வசனத்தை மட்டும் சொன்னாப் போதும்" என்று பேராசிரியர் அவரை அடக்கினார்.

அந்த மருத்துவக் கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு நிஜ நோயாளிகளைப் படுக்கவைப்பதில்லை. நடிகர்களைக் கூட்டி வந்து, இன்ன நோய், இன்ன வசனம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து மதிப்பெண். அட்டையின் இன்னொரு பிரதி பேராசிரியர் கையில் இருக்கும்.

அவள் படித்தது நாடகம். பன்னிரண்டு வருடம் மேடையில் குப்பை கொட்டிவிட்டு, முப்பத்தாறு வயதில் டாக்டருக்குப் படிக்க வந்தவள். கல்லூரியில் அவளுக்குப் பெயரே நாடகக்காரிதான். இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கட்டிலை நெருங்கும்போது, கீழே கிடந்த ஏதோ கனமான பையில் கால் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நோயாளியைப் பார்த்தாள். கசங்கிய சட்டை, முழங்கால் வரை ஈரமான பேன்ட். ஒப்பனை பரவாயில்லை. நடிப்புதான் மட்டம். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, வலியெல்லாம் ஒன்றுமில்லை, வாயுத்தொல்லை, சும்மா இரண்டு நிமிடம் சாய்ந்தேன் என்று மழுப்பினார். ஒரு முனகல்கூட இல்லை. இடது தோளை மட்டும் அடிக்கடி தேய்த்துக்கொண்டார்.

நாடியைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மேடையில் வியர்வைக்குத் தண்ணீரைத் தெளித்துக்கொள்வார்கள். இங்கேதான் சொட்டுத் தண்ணீர் இல்லையே.

ஆறு வருடத்துக்கு முன், மேடையில் அவளுக்கு அண்ணனாக நடித்தவர் இப்படித்தான் வியர்த்துச் சரிந்தார். கூட்டம் கைதட்டியது. என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று அவளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் மேடையை விட்டாள்.

"சார், இவருக்கு ஹார்ட் அட்டாக். உடனே ஈசிஜி எடுக்கணும்."

"அதுதான் உங்க பதிலா? கடைசி வாய்ப்பு. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க நேரமில்லை சார்."

பேராசிரியர் பெரிதாக ஒரு சைபர் போட்டார். "அட்டையில சிறுநீரகக் கல்லுன்னு இருக்கும்மா. நாடகம் படிச்சவங்க, ஒருத்தர் நடிக்கிறதுகூடவா தெரியலை?"

அவள் காதில் வாங்கவில்லை. பக்கத்து வார்டுக்கு ஓடி, நர்ஸையும் ஈசிஜி மெஷினையும் கையோடு இழுத்து வந்தாள். காகிதம் நீள நீள வெளியே வந்தது. பேராசிரியர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவரே போனை எடுத்து எமர்ஜென்சிக்குச் சொன்னார்.

ஆக்சிஜன் மாஸ்க்கோடு நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். பேராசிரியர் பேனாவைத் திறந்து, சைபரின் தலையில் இன்னொரு சுழி போட்டு அதை எட்டாக்கினார். கை கழுவாததற்கு இரண்டு போயிற்று.

"நடிக்க வந்த இடத்துல நிஜமாவே வந்துருச்சே, பாவம்" என்றார்.

அப்போது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகியபடியே கதவைத் திறந்தார்.

"ஸாரி சார், பஸ் லேட்டு. சிறுநீரகக் கல்லு நான்தான்."

பேராசிரியர் மெல்ல ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க யாரு?"

படுத்திருந்தவர் மாஸ்க்கை லேசாக விலக்கினார். "குழாய் ரிப்பேருக்கு வந்தேங்க. தண்ணி வர இன்னும் கொஞ்சம் லேட்டாகும்."