தலையில் மாட்டும் விளக்கு

எண்பத்திரண்டு டிசம்பர் மழையில் மலை சரிந்து எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் புதைந்தன. மூன்று நாளாகியும் காளியண்ணனின் மனைவி திலகம் மட்டும் கிடைக்கவில்லை. தோண்டித் தோண்டிக் கை கொப்பளித்துப் போனவனை, பனிமூட்டத்தில் வேலை செய்யத் தலைவிளக்கு வாங்கிவரும்படி தானா ராத்தா டவுனுக்கு அனுப்பினார் எஸ்டேட் கணக்கரான கிராணி.

கடைக்காரர் ஆண்டியப்பனுக்குச் சாவு விஷயம் தெரியாது. காளியண்ணன் நாலைந்தை மாட்டிப் பார்த்தான். ஒன்று கனத்தது. இன்னொன்று மழைக்குத் தாங்காது.

"காலையிலயே உன் சம்சாரம் வந்து எல்லாத்தையும் பாத்துடுச்சுலா," என்றார் ஆண்டியப்பன். "இதைத்தான் எடுத்து வைக்கச் சொன்னுச்சு. மண்ணுக்குள்ளேருந்து பாத்தாலும் தெரியுமாம்."

காளியண்ணன் அந்த விளக்கை வாங்கி நெற்றியில் மாட்டி எரியவிட்டான். பட்டப்பகலில் பஸ் ஏறியவன், எஸ்டேட் போய்ச் சேரும்வரை அதை அணைக்கவே இல்லை.