அயர்ன் ரூம் ரேடியோ

"எல்லாரும் உக்காருங்கடி! பேச்சை நிறுத்துங்க, டிபன் டப்பாவைத் தொறங்க. ரேடியோ பாடப் போகுது!"

ஹோட்டல் துணியெல்லாம் தேய்க்கிற அயர்ன் ரூம்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரேடியோன்னா நிஜ ரேடியோ இல்ல. அங்க துணி தேய்க்கிற பொம்பளைங்கள்ல வாய் ஓயாத ஒருத்திக்கு மத்தவங்க வெச்ச பேரு. யாரை ஒரு தடவை பாத்தாலும் போதும், அப்படியே பேசிக் காட்டிடுவா.

"இன்னைக்கு யாரு மாதிரிக்கா?"

"நம்ம சூப்பர்வைசர் அக்காதான்! லீவுல போய் ஒன்றரை மாசம் ஆச்சே, மறந்துடக் கூடாதுல்ல?"

மொதல்ல, நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அக்கா. ரேடியோ இடுப்புல கை வெச்சு, கணீர்னு ஒரு சத்தம்.

"ஏய், காலர்ல என்னடி இத்தனை சுருக்கம்? உன் மாமியார் மூஞ்சியா அது?"

அடுத்தது, லீவுக்குப் போறப்ப இருந்த அதே அக்கா. குவியல்லேருந்து ஒரு பெட்ஷீட்டை உருவிப் போத்திக்கிட்டா. தொண்டை கரகரன்னு, வார்த்தை ஒவ்வொண்ணும் மாடிப்படி ஏறி வர்ற மாதிரி.

"ஃபேனை... நிறுத்துங்கம்மா... குளிருது... ஆமா, நான் எதுக்கு... இங்க வந்தேன்?"

ஆவி பறக்கிற ரூம்ல குளிராம்! சிரிப்புல ஒருத்திக்குப் புரையேறிடுச்சு. மூலையில பட்டன் தைக்கிறவ மட்டும் சிரிக்கல. அவ எப்பவுமே அப்படித்தான். வாயில முத்தா, ஊசியான்னு யாருக்கும் தெரியாது.

"நல்லாத்தான் இருக்கு."

வாசல்ல சூப்பர்வைசர் அக்கா!

ரேடியோ பெட்ஷீட்டை உருவிக் கீழ போட்டா. போச்சு. பொண்ணோட காலேஜ், வீட்டு வாடகை, எல்லாம் இந்த வேலையிலதான் ஓடுது.

"அக்கா, சும்மா வெளையாட்டுக்கு..."

"இதை லீவுக்கு முன்னாடியே நான் கேட்டாச்சு. போன்ல, ரெக்கார்டு பண்ணினதை."

ரேடியோ மூலைப் பக்கம் திரும்பினா. "அடிப்பாவி! புடிச்சுப் போட்டுக் குடுத்தியா?"

பட்டன் தைக்கிறவ ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தா.

"போட்டுத்தான் குடுத்தா," அக்கா சொன்னாங்க. "எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பேன். இவதான், 'மொதல்ல இதை டாக்டர்கிட்ட போட்டுக் காட்டுங்க'ன்னு ஒத்தக் கால்ல நின்னா."

"டாக்டர்கிட்டயா?"

"மாசவிடாய் நின்னு மூணு வருஷம். உடம்பு ஊதுறது, அசதி, மறதி, எல்லாம் அந்த வயசுக் கோளாறுன்னே விட்டுட்டேன். வேலையை விடுறதா எழுதிக்கூட வெச்சுட்டேன்டி. டாக்டரம்மா உன்னோட ரெண்டு குரலையும் கேட்டாங்க. 'இவ்ளோவா மாறியிருக்கு?'ன்னு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. தைராய்டு ரொம்பக் கம்மியாம். இப்ப தெனம் காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை."

அப்பதான் ரேடியோவுக்கு ஒறைச்சுது. முன்னெல்லாம் கழட்டவே கழட்டாத ஸ்வெட்டர் இன்னைக்கு அக்கா மேல இல்ல. தொண்டையில அந்தக் கரகரப்பும் பாதிக்கு மேல காணோம்.

அக்கா அவ கையைப் புடிச்சுக்கிட்டாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. "நல்லாயிருடி."

ரேடியோவுக்கு உசிரு திரும்பி வந்துச்சு. கூடவே சத்தமும்.

"கேட்டீங்களாடி? ஒரு மனுஷியைக் காப்பாத்தியிருக்கு இந்த வாய்!"

மூலையில, பட்டன் தைக்கிறவ நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா.

"வாய் இல்லக்கா. காது."