சேர்வரின் மணிக்கூடு

“மனிசர் பொய் சொல்லுவினம், மணிக்கூடும் பொய் சொல்லும். என்ரை சேர்வர் பொய் சொல்லாது,” என்றான் அருட்செல்வன். கற்பூரம் காட்டும் ஐயரின் முகத்தில் இருக்கும் அதே தீவிரம் அவன் முகத்தில் இருந்தது.

எதிரே நின்ற துஷாந்தினியின் கண்கள் கலங்கியிருந்தன. இறுதியாண்டு ஆய்வறிக்கையை நேற்று நண்பகலுக்குள் கல்லூரியின் இணையத்தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினேன் என்றாள் அவள். பிந்திவிட்டாய் என்றது அந்தத் தளத்தை நடத்தும் கணினியான சேர்வர். இன்று பின்னேரம் கூடும் பரீட்சைச் சபை சேர்வரை நம்பினால், அவளுடைய பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அவளிடம் ஒரு சாட்சி இருந்தது. அறிக்கையை ஏற்றிய கையோடு போனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட். அதன் மூலையில் பன்னிரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அருட்செல்வன் சிரித்தான். திருநெல்வேலியில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியின் கணினிகளுக்கு அவன்தான் பொறுப்பு. இப்படி எத்தனை படம் பார்த்துவிட்டான். போனின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்துப் படமெடுத்துக்கொண்டு வருவதுதான் இந்தத் தலைமுறையின் ஒரே கண்டுபிடிப்பு என்று அவளுக்கு விளக்கினான். நேரத்தில் கைவைக்கிறவன் கோயில் உண்டியலில் கைவைக்கிறவனிலும் கேவலம் என்றான்.

“உந்தப் படத்தைப் பிறேம் போட்டு வீட்டிலை மாட்டுங்கோ, தங்கச்சி.”

போன செமஸ்டரில் பண்டத்தரிப்புப் பெடியன் லக்ஷன், படம்கூட இல்லாமல் வெறும் வாயோடு வந்து, நேரத்துக்கே ஏற்றினேன் என்று சத்தியம் செய்ததையும் சொல்லிச் சிரித்தான். லக்ஷன் படிப்பை விட்டுவிட்டான். இப்போது காங்கேசன்துறையில் கப்பல் பயணிகளுக்குப் பெட்டி தூக்குகிறான்.

“போனிலை நேரம் மாத்தலாம் எண்டதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அண்ணை,” என்றாள் துஷாந்தினி.

அப்போது துறைத்தலைவர் போனில் அழைத்தார். சபை கூடுமுன் சேர்வரின் நேரத்தைச் சரிபார்த்து ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னார். சூரியனைச் சரிபார்க்கச் சொன்னதுபோல் அலுத்துக்கொண்டு அருட்செல்வன் விசைப்பலகையை இழுத்தான்.

சேர்வருக்குள் நுழையக் கடவுச்சொல் மட்டும் போதாது, ஓர் இலக்கமும் வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவனுடைய போன் நேரத்தை வைத்துப் புதிய இலக்கமொன்றைக் காட்டும். சேர்வரும் தன் நேரத்தை வைத்து அதே இலக்கத்தைத் தனக்குள் கணக்கிடும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும்.

திறக்கவில்லை. மீண்டும் அடித்தான். பிழை. நிதானமாக, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து அடித்தான். பிழை. இன்னும் ஒருமுறை பிழைத்தால் கணக்கு முற்றாகப் பூட்டப்படும் என்று திரை மிகுந்த மரியாதையோடு எச்சரித்தது.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு வியர்த்தது.

கல்லூரி இணையத்தளத்தின் முகப்பைத் திறந்தான். அதன் அடியில் சேர்வரின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தான், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான், போனைப் பார்த்தான். மணிக்கூடும் போனும் ஒரே கதையைச் சொல்லின. சேர்வர் மட்டும் அரை மணித்தியாலத்துக்கு மேல் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அவன் கும்பிட்ட அந்தச் சேர்வர் தனியாக நிற்கும் பெட்டியல்ல. கொழும்பில் ஒரு பெரிய கணினிக்குள் அறை எடுத்து இருக்கும் மெய்நிகர் கணினி. அதற்குச் சொந்த மணிக்கூடு இல்லை. அந்தப் பெரிய கணினி என்ற வீட்டுக்காரர் சொல்வதுதான் நேரம். வீட்டுக்காரர் பிழைவிட்டால் இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி அருட்செல்வன்தான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

செய்த ஞாபகம் இல்லை. எவ்வளவு காலமாக இது ஆட்களின் முகத்தில் நேரத்துக்கு முன்பே கதவைச் சாத்தி வருகிறது என்று யோசித்தான். லக்ஷனின் முகம் வந்தது. யோசிப்பதை நிறுத்தினான்.

துஷாந்தினி மேசைக்குக் கிட்ட வந்தாள். அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்று நண்பகல் சேர்வர் எவ்வளவு முந்தி ஓடியது என்று இனி எவராலும் சொல்ல முடியாது; இந்தக் கோளாறு நாளுக்கு நாள் வேறுபடும். சபைக்குக் காட்ட மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அவளுடைய படம். அருட்செல்வன் துறைத்தலைவருக்கு எழுதினான்: சேர்வரின் நேரம் பிழை, மாணவியின் படத்தில் உள்ள நேரமே சரி.

“குறை நினைக்காதையுங்கோ, தங்கச்சி,” என்றான், அவளைப் பார்க்காமலே.

பதில் உடனே வந்தது. படத்தை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இன்று பின்னேரம் அடுத்த பிரிவு அறிக்கைகளை ஏற்ற இருக்கிறது, அதற்குள் சேர்வரைத் திருத்தாவிட்டால் சபைக்கு அவனே நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

திருத்துவதென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போக ஒரு வழிதான் இருந்தது. சேர்வர் போனைப் போலச் சரியாக ஓடாது. போன்தான் சேர்வரைப் போலப் பிழையாக ஓட வேண்டும். போனின் நேரத்தை முன்னுக்குத் தள்ளினால் இலக்கம் பொருந்தும்.

கதிரையை மெல்லத் திருப்பினான். போனை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நேரத்தின் மேல் விரலை வைத்தான். எழுத்துகள் மங்கிக் கிடந்தன. அசையவில்லை. பத்து வருடமாகச் சேர்வர் பார்க்கிறவனுக்குச் சொந்தப் போனில் இந்த வேலைக்குத் தேவை வந்ததில்லை. திரும்பவும் அழுத்தினான். திரும்பவும்.

தோளுக்குப் பின்னாலிருந்து, உதவி செய்கிற குரலில் துஷாந்தினி சொன்னாள்:

“ஓட்டோமெற்றிக் எண்டதை முதல்லை நிப்பாட்டோணும், அண்ணை.”