அங்குலம் பிசகாத ஈஸ்டர் மேசை

தையல் டேப்பை மேசைமேல் நீட்டி, பூச்சாடிக்கும் பீங்கான் முயலுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று சின்னவள் அளந்துகொண்டிருந்தாள். ஒன்பது. கைப்பேசியை எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு, முயலை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள்.

பதினோரு மணிக்கு ஓரகத்தி பெரியவள் வந்துவிடுவாள். ஈஸ்டர் விருந்து ஒரு வருஷம் பெரியவள் வீட்டில், மறு வருஷம் சின்னவள் வீட்டில் என்பது இரண்டு குடும்பத்துக்கும் ஏற்பாடு. சின்னவளின் முறை வரும்போதெல்லாம் பெரியவள் உள்ளே நுழைந்ததும் நேரே மேசைக்குத்தான் போவாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குறை சொல்ல ஆரம்பிப்பாள்.

நாலு முறை வாயை மூடிக்கொண்டு கேட்டாயிற்று. இந்த முறையும் கேட்டுக்கொண்டு நின்றால் ஆயுசுக்கும் கேட்க வேண்டியதுதான் என்று சின்னவளுக்குத் தோன்றிவிட்டது.

காப்பிக் கோப்பையோடு கணவன் வந்து நின்றான். அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவன். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் மட்டும் நாலு ஸ்பூனை வரிசையாக வைக்கச் சொன்னால், "எனக்கு இந்தக் கலைநயமெல்லாம் வராதும்மா" என்று நழுவிவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான்.

"அந்த நீல முட்டை குருவிக்கூட்டுக்கு இடப்பக்கம் வரணும்," என்றான், காப்பியை ஊதிக்கொண்டே.

சின்னவள் கைப்பேசியைப் பார்த்தாள். சரிதான். அத்தி பூத்தாற்போல் இந்த மனுஷனும் உருப்படியாக ஒன்று சொல்கிறாரே என்று முட்டையை எடுத்து மாற்றி வைத்தாள்.

"அப்படி என்னத்தை போன்ல பார்த்துப் பார்த்து வைக்கிற?"

"போன வருஷம் உங்க அண்ணி வீட்டு மேசை. விருந்தன்னைக்கு நான் எடுத்த போட்டோ. அதே மஞ்சள் விரிப்பு, அதே லில்லிப் பூ, அதே முயல், எல்லாம் தேடித் தேடி வாங்கியிருக்கேன். அவங்க மேசையை அவங்க வாயாலயே குறை சொல்லட்டும். அப்புறம் போட்டோவைக் காட்டுறேன்."

கணவனுக்குக் காப்பி புரையேறியது. "வேணாம்மா. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?"

"உங்க அண்ணியை ஒண்ணு சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே."

"அதுக்கில்ல. கொஞ்சம் மாத்தியாவது வையேன்," என்று அவன் முயலின்மேல் கை வைத்தான். அவள் பட்டென்று அந்தக் கையில் ஒன்று போட்டாள். அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

பெரியவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், மேசைக்குப் போனாள், தலையைச் சாய்த்தாள்.

"ஏம்மா, மஞ்சள் விரிப்பா? உட்கார்றவங்க எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்குமே. பூவை இவ்வளவு உசரமா வச்சா எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி எப்படித் தெரியும்?"

சின்னவளுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். "இன்னும் இருந்தா சொல்லுங்கக்கா."

"முயலைப் பாரு, வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கு. முட்டையெல்லாம் ஸ்கேல் வச்சு அடுக்கின மாதிரி. சாப்பாட்டு மேசையா, ஆபீஸ் மேசையா?"

"பசிக்குது, சாப்பிடலாமே," என்றான் கணவன். யாரும் காதில் வாங்கவில்லை.

நாலு விருந்தின் ஆத்திரத்தையும் சேர்த்துச் சின்னவள் கைப்பேசியை நீட்டினாள். "இது யார் வீட்டு மேசைன்னு தெரியுதாக்கா? போன ஈஸ்டருக்கு உங்க வீட்டுல இருந்தது. விரிப்புலேர்ந்து முயல் வரைக்கும் அப்படியே வச்சிருக்கேன், ஒரு அங்குலம் மாறல."

பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது முகம் சுண்டிப்போகும் என்று சின்னவள் ஆசையோடு காத்திருந்தாள்.

சுண்டவில்லை. பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைப் பக்கம் பூனைபோல் நகர்ந்துகொண்டிருந்த கொழுந்தனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன வருஷம் விருந்துக்கு முந்தின நாள் நான் முதுகு பிடிச்சுப் படுத்திருந்தேம்மா. அத்தனையும் உன் வீட்டுக்காரர் வச்சது."