வந்து சேர்ந்துவிட்டீர்கள்

பெரியவரின் காலடியில் மலர்வளையத்தை வைத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்த துணை மேலாளர் திகைத்துப்போனார்.

யார் பார்க்க அழ வேண்டுமோ, அவரையே காணவில்லை.

படுத்திருந்தவர் மேலாளரின் அப்பா. ஆனால் மேலாளர் இல்லை. ஆபீஸிலிருந்து ஓர் ஈ, காக்காய்கூட வந்திருக்கவில்லை.

காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டவர் மேலாளர்தான். அப்பா தவறிவிட்டார், தங்கை வீட்டு முகவரி இது, இதோ லொகேஷன். கீழே இன்னொரு வரி: 'எல்லாரும் நம்ம ஆப்பிலேயே வரவும்.'

அவர்கள் கம்பெனி தயாரிப்பதே வழிகாட்டும் ஆப்தான். அப்பன் சாவிலும் விளம்பரத்தை விடாத மனிதர்.

துணை மேலாளர் நம்ம ஆப்பில் வரவில்லை. போனில் மகளுடைய விளையாட்டுகளுக்கு நடுவே போட்டிக் கம்பெனியின் ஆப் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். அதில் முகவரியை அடித்தார். அது வாசற்படியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது.

இது வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். புதுக் கிளைக்கு யார் தலைவர் என்று மேலாளர் திங்கட்கிழமை முடிவு செய்யப்போகிறார். இந்த நேரத்தில் அவர் கண்ணெதிரே நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் பதவி பாதி கைக்கு வந்த மாதிரி. அதற்காகத்தான் வழி தவறக்கூடாது என்று இத்தனை ஜாக்கிரதை.

மேலாளரின் தங்கை எழுந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணன் ஆபீஸா சார்? அண்ணன் எங்க? வண்டி வந்து நிக்குது. பெத்த பிள்ளை முகத்தைப் பாக்காம எப்படி எடுக்கறது?"

"ரெண்டு வருஷமா மாமா இங்கதான் கிடந்தார்" என்றார் அவள் கணவர், யாரிடமும் சொல்லாததுபோல. "மச்சானுக்கு இன்னிக்குத்தான் வழி தேவைப்பட்டிருக்கு."

துணை மேலாளரின் போன் அதிர்ந்தது. குழுவில் ஒரு படம். இரும்பு கேட் ஒன்றின் முன்னால் ஆபீஸ் மொத்தமும் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வரிசையாக நின்றது. நடுவில், தலைகுனிந்து மேலாளர். பின்னால் ஒரு பெரிய தண்ணீர் டேங்க்.

கீழே கணக்காளர் எழுதியிருந்தார்: 'நாங்க வந்துட்டோம். சாரும் வந்துட்டார். வீடுதான் இன்னும் வரல.'

தங்கை படத்தை எட்டிப் பார்த்து, அதற்குள் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது.

"வந்துட்டேன்மா. வந்து சேர்ந்துவிட்டீர்கள்னு ஆப்பே சொல்லிடுச்சு. நீங்கதான் இங்க இல்ல."

"அண்ணா, அது தண்ணி டேங்க். ரெண்டு தெரு தள்ளி வரணும். அங்க யாரையாவது கேளேன்."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் போய்த் தெருவுல வழி கேக்கறதா? ஸ்டாஃப் எல்லாம் நிக்கறாங்கம்மா."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் துணை மேலாளரிடம் நீட்டினாள். "நீங்க கரெக்டா வந்துட்டீங்களே சார். எப்படி வந்தீங்கன்னு அவருக்கும் சொல்லுங்க."

கூடத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பெரியவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தால் பதவி போகும். மூடிக்கொண்டால் பெரியவர் போக மாட்டார்.

துணை மேலாளர் போனை வாங்கிக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு, தன் குரல் அதில் விழாதபடி, அவள் காதருகே குனிந்து முணுமுணுத்தார்.

"போன்ல சொன்னா சாருக்குப் புரியாதும்மா. நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது. இப்படியும் அப்படியும் பார்த்தார். பெரியவரின் காலடியில் வைத்த மலர்வளையத்தை மெல்ல எடுத்துக்கொண்டார்.

ஸ்கூட்டரில் போகும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் போனார். 'தெருவில் விசாரித்தேன்' என்றால் நம்ம ஆப்பை நம்பவில்லை என்றாகும். எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டியது.

டேங்க் வந்துவிட்டது. வரிசையின் கடைசியில் போய் நின்று தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை கண்ணீர் தானாகவே வந்தது.

மேலாளர் திரும்பிப் பார்த்தார். "வழி ஏதும் சிரமமா இருந்துச்சா?"

"சேச்சே, நம்ம ஆப் இருக்கே சார். நேரா கொண்டுவந்து விட்டுடுச்சு."

மேலாளர் அவர் தோளை அழுத்திப் பிடித்தார். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். "திங்கட்கிழமை காலையில முதல்ல என் ரூமுக்கு வாங்க" என்றார். மேலாளரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, தங்கை என்றதும் அணைத்தார்.

காற்று திரும்பியபோது இரண்டு தெரு தள்ளி அழுகைச் சத்தம் லேசாகக் கேட்டது. வரிசை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

துணை மேலாளர் மட்டும் தலையை நிமிர்த்தி டேங்க்கைப் பார்த்தார். இப்போதுதான் முதல்முறை நேரில் பார்க்கிறார்.

போன வருஷம் நம்ம ஆப்புக்காக இந்தப் பகுதியின் வீட்டு எண்களைச் சேகரிக்க ஆள் அனுப்பியிருக்க வேண்டியவர் அவர். வெயில் என்று விட்டுவிட்டார். செயற்கைக்கோள் படத்தின் நடுவில் வட்டமாக ஏதோ தெரிந்தது. பகுதியின் வீட்டு முகவரிகளையெல்லாம் ஒரே அழுத்தில் அதன்மேல் கொட்டி, 'சரிபார்க்கப்பட்டது' என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் அதைப் பூங்கா என்றல்லவா நினைத்திருந்தார்.