பேச்சிமுத்துவின் போட்டோ

"ஏளா அல்போன்சா, சீக்கிரம் படியேன்! போட்டோவைப் பாத்துட்டு அவுக என்ன எழுதியிருக்காவ?"

சுடலைமாடத்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. புருஷன் அய்யாக்குட்டி கொழும்பில் ஒரு டாக்டர் துரை வீட்டில் சமையல்காரன். அவன் போய் இரண்டு வருஷமாகிறது. மகன் பேச்சிமுத்து பிறந்தது அவன் போன சில மாதத்தில். யுத்தம் முடியாமல் ஊர் திரும்ப வழியில்லை. 'பிள்ளை முகத்தையாவது காட்டு' என்று கடிதத்துக்குக் கடிதம் கெஞ்சினான். போன மாதம்தான் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

இன்று கொழும்புத் தோணியில் வந்த ஒருவர், ஒரு கடிதமும் பால்மாவு டின்னும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்து வீட்டு அல்போன்சாவுக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியும். மகன் அம்புரோஸை மடியில் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"'பிள்ளையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கன்னம் இரண்டும் என்ன உப்பல்! அடுப்படியில் நிற்கும்போதும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஒருதரம் தூக்கிக் கொஞ்சினால் போதும் எனக்கு.'"

சுடலைமாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த மனுஷனை இப்போதே பார்க்க வேண்டும்போல இருந்தது.

"அவுக மனசு குளுந்துட்டுல்லா, அது போதும். மேல படி."

"'துரையிடமும் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. இது சதை இல்லை, வீக்கம் என்கிறார்...' யக்கா!" அல்போன்சா கடிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நிறுத்தாதளா, படி!"

"'வெறும் கிழங்குக் கஞ்சியே குடிக்கிற பிள்ளைக்கு இப்படி வருமாம். பால், முட்டை, மீன் கொடுக்க வேண்டுமாம். மாந்தம் வரும் என்று மீனை ஒதுக்காதே. புறங்காலை விரலால் அழுத்திப் பார். குழி அப்படியே நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. மாடத்தி, பிள்ளையை எப்படியாவது காப்பாற்று.'"

உள்ளே தொட்டிலில் பேச்சிமுத்து சிணுங்கினான். சுடலைமாடத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அல்போன்சாவின் மடியில் கிடந்த அம்புரோஸின் காலைப் பிடித்து விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எழும்பவில்லை.

"டின்னை எடுத்துக்கிட்டு கெளம்புளா, ஆஸ்பத்திரிக்கு!" என்று அலறினாள்.

தன் நோஞ்சான் பிள்ளையைப் பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் அந்த மனுஷன் உடைந்துபோவான் என்று, அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு அவள் இரவல் வாங்கித் தூக்கிப் போனது அல்போன்சாவின் 'கொழுகொழு' அம்புரோஸை.